பால் கக்கும் குழந்தை: எப்போது துணியை மாற்றினால் போதும், எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்

கைக்குழந்தை உள்ள வீட்டில் பிள்ளை ஒருமுறை பால் கக்கினால் போதும், ஆளுக்கொரு காரணம் வந்து விழும். அம்மா முந்தாநாள் சாப்பிட்ட கத்தரிக்காய்தான் என்பார் ஒருவர். பால் வயிற்றில் திரிந்துபோச்சு என்பார் இன்னொருவர். உரம் விழுந்திருக்கும், தொக்கம் விழுந்திருக்கும், கண் பட்டிருக்கும் என்று பட்டியல் நீளும். "தாய்ப்பால் ஒத்துக்கலை போல, பவுடர் பாலுக்கு மாத்திப் பாருங்களேன்" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு யோசனையும் வரும். பிள்ளை பெற்று மூன்று வாரம்கூட ஆகாத பெண் இத்தனையையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"கக்கின பிள்ளை தக்கும்" என்று பழமொழி சொல்லி ஆறுதல்படுத்தும் பாட்டிகளும் உண்டு. அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. கக்குகிற பிள்ளைகளில் மிகப் பலர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் மிகச் சிலருக்கு அன்றைக்கே அறுவை சிகிச்சை தேவைப்படும். எவ்வளவு கக்கியது என்பதை வைத்து இந்த இரண்டு வகையையும் பிரிக்க முடியாது. எவ்வளவு வேகமாக வந்தது, என்ன நிறத்தில் வந்தது, பிள்ளைக்கு எடை ஏறுகிறதா என்ற மூன்று கேள்விகள்தான் பிரித்துக் காட்டும். ஏன் இந்த மூன்று என்பது வயிறு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் புரியும்.

இரண்டு வாய் உள்ள சுருக்குப் பை

பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் வாய் மூடும், தளர்த்தினால் திறக்கும். இரைப்பையும் அப்படி ஒரு பைதான். ஒரே வித்தியாசம், இதற்கு மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய். மேல் வாயில் உணவுக்குழாய் வந்து சேர்கிறது. கீழ் வாயிலிருந்து சிறுகுடல் தொடங்குகிறது. கயிறு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வாயிலும் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. அதற்குச் சுருக்குத் தசை என்று பெயர்.

மேல் சுருக்கின் வேலை, உள்ளே போனது திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது. பெரியவர்களுக்கும் இது அவ்வப்போது சில நொடிகள் தானாகத் தளரும். நமக்கு ஏப்பம் வருவது அப்படித்தான். பிள்ளைக்கும் தளர்கிறது. ஆனால் நமக்குக் காற்று மட்டும் வரும்போது பிள்ளைக்கு ஏன் பாலும் சேர்ந்து வருகிறது?

முதல் காரணம், அது குடிக்கும் அளவு. ஒரு கைக்குழந்தை ஒரு நாளைக்குத் தன் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 150 மில்லி பால் குடிக்கிறது. 4 கிலோ பிள்ளை என்றால் 600 மில்லி. இதே கணக்கை 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் போட்டால் 9 லிட்டர்! தினமும் 9 லிட்டர் பாலைக் குடித்துவிட்டு நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் நாமும்தான் கக்குவோம். அடுத்தது, வயிற்றில் இருப்பதெல்லாம் நீர்தான். சோறு போலக் கனத்து அடியில் தங்குவதற்கு எதுவும் இல்லை. உணவுக்குழாயும் குட்டையானது. பெரியவர்களுக்கு 25 சென்டிமீட்டர் இருப்பது, பிறந்த பிள்ளைக்கு 10 சென்டிமீட்டர்கூடத் தேறாது. வயிற்றிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினாலே வாய்க்கு வந்துவிடும்.

இப்படி எந்த முயற்சியும் இல்லாமல் வயிற்றில் உள்ளது மேலே வழிந்து வருவதை எதுக்களிப்பு என்கிறோம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் தினம் ஒரு தடவையாவது எதுக்களிக்கிறார்கள். நான்காவது மாதவாக்கில் இது உச்சத்துக்குப் போகும். பிள்ளை உட்காரத் தொடங்கி, கஞ்சி, சாதம் என்று கெட்டியாகச் சாப்பிட ஆரம்பித்ததும் குறையத் தொடங்கும். முதல் பிறந்தநாளுக்குள் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு நின்றுவிடும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பையின் மேல் சுருக்கு அடிக்கடி தளர்கிறது, உள்ளே பால் நிறைய இருக்கிறது, பிள்ளை படுத்திருக்கிறது. இதில் நோய் எதுவும் இல்லை. தாய்ப்பால் மீதும் பழி இல்லை. சொல்லப்போனால் பவுடர் பாலைவிடத் தாய்ப்பால்தான் வயிற்றிலிருந்து சீக்கிரம் இறங்கும்.

ஒரு ஸ்பூன் பால் செய்யும் வேலை

"குடிச்ச பால் பூரா வெளியே வந்துருச்சு" என்று சொல்லாத வீடு இல்லை. ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். மருந்து பாட்டிலோடு வரும் 5 மில்லி ஸ்பூனில் பால் எடுத்து, பழைய வேட்டித் துணியிலோ பிள்ளையின் துணியிலோ ஊற்றுங்கள். சில நொடிகளில் அது பரவி உள்ளங்கை அகலத்துக்கு நனைந்துவிடும். அடுத்த ஸ்பூனையும் பக்கத்தில் ஊற்றினால் துணியே நாசமானது போலத் தெரியும். அங்கே இருப்பது மொத்தம் 10 மில்லிதான். அடுத்த முறை பிள்ளை கக்கிய துணியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உண்மையில் வெளியே வந்தது எவ்வளவு என்று ஓரளவு பிடிபடும்.

தயிர் மாதிரி திரிதிரியாக வருவதும் பயமுறுத்தும். பால் இரைப்பைக்குப் போனதும் அங்கே உள்ள அமிலமும் செரிமான நொதிகளும் அதைத் திரிய வைக்கும். அப்படித் திரிந்தால்தான் செரிக்கும். குடித்த கையோடு கக்கினால் பாலாக வரும், அரை மணி கழித்துக் கக்கினால் தயிராக வரும். இரண்டுக்கும் இடையில் உள்ளது நேர வித்தியாசம் மட்டுமே. மூக்கு வழியாக வந்தாலும் அதேதான். மூக்கும் வாயும் தொண்டையில் சேர்கின்றன, பால் இரண்டு வழியிலும் வரும். துடைத்துவிட்டால் போதும்.

கக்குவது வேறு, வாந்தி வேறு

எதுக்களிக்கும்போது பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். சிரித்துக்கொண்டே இருக்கும், கடைவாயில் பால் வழியும், அதற்கு அது தெரியக்கூடத் தெரியாது. வாந்தி இப்படி இருக்காது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து உத்தரவு வந்து, வயிற்றுத் தசைகளும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையும் சேர்ந்து பையை வெளியிலிருந்து பிசைகின்றன. பிள்ளை ஓங்கரிக்கும், முகம் சிவக்கும், வயிறு இறுகும், வந்து விழுவதும் வேகமாக இருக்கும்.

அதாவது, சுருக்கு தளர்ந்து வழிந்தால் எதுக்களிப்பு. பையையே பிழிந்து வெளியேற்றினால் வாந்தி. எப்போதாவது ஒருமுறை, இருமி இருமியோ அளவுக்கு மீறிக் குடித்தோ வாந்தி எடுத்தால் பதற வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தால் காரணம் தேட வேண்டும்.

எடை பொய் சொல்லாது

கக்குகிற பிள்ளைக்குப் போதுமான பால் சேர்கிறதா என்று அறிய நம்பகமான கருவி தராசு. பிறந்த முதல் சில நாட்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எடை குறையும். பிறந்த எடையில் 10 சதவீதம் வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் அது திரும்பி வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு முதல் மூன்று மாதங்களில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறும். ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாகும். தினமும் நிறுத்துப் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தடுப்பூசிக்குப் போகும்போதும், அங்கன்வாடியிலும், கிராம சுகாதாரச் செவிலியர் வரும்போதும் எடை பார்த்து, தாய் சேய் அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் குறித்துக்கொண்டாலே போதும். அந்தக் கோடு மேல்நோக்கிப் போனால், பிள்ளை தினம் பத்துத் தடவை கக்கினாலும் உங்கள் கவலை துவைக்கிற துணியைப் பற்றி மட்டும் இருக்கட்டும். தராசு கிடைக்காத நாட்களில் சிறுநீரைப் பாருங்கள். முதல் வாரம் கடந்த பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்க வேண்டும்.

எடை ஏறாமல், பால் குடிக்கவே மறுத்து, குடிக்கும்போது உடம்பை வில்லாக வளைத்து அழுது, எதுக்களிப்பே பிள்ளைக்குத் தொந்தரவாக மாறினால் அதற்கு எதுக்களிப்பு நோய் என்று பெயர். மேலே வரும் அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்குவதால் இது வரலாம். இதற்கு மருத்துவர் பார்த்துத்தான் சிகிச்சை சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. நம் ஊரில் பிள்ளை கக்குகிறது என்று மருந்துக் கடையில் சொன்னாலே டோம்பெரிடோன் சொட்டு மருந்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடும் என்பதால் 2014-ல் ஐரோப்பிய மருந்து முகமை இந்த மருந்துக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. கொழுகொழுவென்று வளரும், சிரித்துக்கொண்டே கக்கும் பிள்ளைக்கு மருந்தே தேவையில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி வாங்குவது அதைவிட மோசம்.

கீழ்ச் சுருக்கு இறுகினால்

இனி பையின் கீழ் வாய்க்கு வருவோம். சில பிள்ளைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் கீழ்ச் சுருக்குத் தசை தடித்துக்கொண்டே போய், பால் சிறுகுடலுக்கு இறங்க வழியில்லாமல் அடைத்துவிடும். இதைப் பைலோரிக் ஸ்டெனோசிஸ் என்கிறார்கள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு நாலைந்து மடங்கு அதிகமாக வரும். முதல் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல்.

இது வெளிப்படும் விதத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பிறந்தபோது ஒரு குறையும் இல்லாத பிள்ளை, மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் வாந்தி எடுக்கத் தொடங்கும். நாளுக்கு நாள் வேகம் கூடும். மடியில் விழுந்த பால் இப்போது எதிரே போய் விழும். பால் குடித்ததும் சட்டையை விலக்கி வயிற்றைப் பார்த்தால், பிள்ளையின் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு ஓர் அலை மெல்ல நகர்வது சில சமயம் கண்ணுக்கே தெரியும். அடைபட்ட வாசலைத் தள்ளித் திறக்க இரைப்பை படும் பாடு அது. அலை போய்ச் சேர்ந்ததும் வாந்தி பீய்ச்சி அடிக்கும். வாந்தி எடுத்த மறுநிமிடம் பிள்ளை மறுபடியும் பாலுக்கு வாயைத் திறக்கும். பாவம், அதற்குப் பசி. எதுவும் கீழே இறங்கவில்லையே.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். சலைன் ஏற்றி உப்புச் சத்துகளைச் சரிசெய்துவிட்டு, தடித்த தசையை மட்டும் கீறிவிடும் சிறிய அறுவை சிகிச்சை செய்வார்கள். 1912-ல் ஜெர்மானிய மருத்துவர் கான்ராட் ராம்ஸ்டெட் எழுதி வெளியிட்ட முறைதான் இன்றும் இதற்கு அடிப்படை. பெரும்பாலும் ஓரிரு நாளில் பிள்ளை பழையபடி பால் குடிக்கும். தாமதித்தால்தான் சிக்கல், நீர் வற்றி, எடை கரைந்து போயிருக்கும்.

பச்சை என்றால் உடனே கிளம்புங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: கைக்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், காலை வரை காத்திருக்கக் கூடாது.

காரணம் எளிது. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் பச்சை நிறம் கொண்டது. அது குடலுக்குள் வந்து சேரும் இடம், பையின் கீழ் வாயைத் தாண்டி இருக்கிறது. பையில் உள்ள பால் வெள்ளையாகத்தான் இருக்கும். வாந்தியில் பச்சை தெரிந்தால், கீழ் வாய்க்கும் அப்பால் உள்ள சரக்கு மேலே ஏறி வருகிறது. அதாவது குடலில் எங்கேயோ அடைப்பு இருக்கலாம் என்று அர்த்தம்.

இதில் மிகவும் அஞ்ச வேண்டியது குடல் முறுக்கு. கருவில் இருக்கும்போது குடல் ஒரு சுற்றுச் சுழன்று வயிற்றுக்குள் தன் இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சில பிள்ளைகளுக்கு அப்படி ஒட்டாமல் தொங்கலாக நின்றுவிடும். பிறகு ஒருநாள், பெரும்பாலும் முதல் மாதத்துக்குள், அது தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். முறுக்கில் ரத்தக் குழாயும் நெரிபடுவதால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கிவிடும். தொடக்கத்தில் பிள்ளை பார்க்க நன்றாகவே இருக்கும், வயிறுகூட உப்பாமல் இருக்கலாம். பச்சை வாந்தி ஒன்றுதான் அப்போது கிடைக்கும் தடயம்.

அதனால் பச்சையைக் கண்டால் 108-ஐ அழையுங்கள், அல்லது குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் அது உண்டு. கக்கிய துணியைத் துவைத்துவிடாமல் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்; இல்லாவிட்டால் ஒரு போட்டோ. மருத்துவர் கேட்கும்போது "பச்சைன்னா, ஒரு மாதிரி..." என்று இழுப்பதைவிட அது நூறு மடங்கு உதவும்.

மஞ்சளாக இருந்தால்? பிறந்த முதல் சில நாட்களில் வரும் சீம்பாலே மஞ்சள் நிறம்தான். சீம்பால் நாட்கள் கடந்தும் அடர் மஞ்சளாக வந்தால் தாமதிக்காமல் காட்டிவிடுங்கள்.

மற்ற அபாய அறிகுறிகள்

ரத்தம் கலந்து வந்தால் முதலில் அம்மாவின் மார்புக் காம்பைப் பாருங்கள். காம்பு வெடித்திருந்தால் பாலோடு போன ரத்தம்தான் திரும்பி வருகிறது. அப்படி இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். காம்பில் புண் இல்லையென்றால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், வயிறு உப்பித் தொட்டால் வலிப்பது போல அழுதால், உச்சிக்குழி புடைத்திருந்தால், எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தால், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை என்றால், உடனே கூட்டிப் போங்கள். விட்டு விட்டுக் காலை மடக்கி வீறிட்டு அழுது, இடையில் துவண்டு, மலத்தில் ரத்தமும் சளியும் வந்தால் குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் சொருகிக்கொண்டிருக்கலாம். இது ஐந்து மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை உள்ள பிள்ளைகளுக்கு அதிகம்.

வயதும் ஒரு குறிப்புத் தரும். ஆறு மாதம் வரை கக்காத பிள்ளை அதற்குப் பிறகு புதிதாகத் தொடங்கினாலும், ஒரு வயதைத் தாண்டியும் நிற்காவிட்டாலும் அது சாதாரண எதுக்களிப்பாக இருக்க வாய்ப்புக் குறைவு.

வீட்டில் என்ன செய்யலாம்

பால் கொடுத்ததும் இருபது, முப்பது நிமிடம் தோளில் சாய்த்துத் தூக்கி வைத்திருங்கள். உடனே குளிப்பாட்டுவது, தூக்கிப் போட்டு விளையாடுவது, இடுப்பில் டயப்பரை இறுக்கிக் கட்டுவது இவையெல்லாம் பையை வெளியிலிருந்து அழுத்துகிற வேலை. அம்மாவுக்குப் பால் வேகமாகப் பீய்ச்சினால் பிள்ளை திணறித் திணறி, காற்றையும் சேர்த்து விழுங்கும். முதலில் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளையை நெஞ்சின் மேல் போட்டுக் கொடுத்தாலும் வேகம் தணியும். வாயை விலக்கிக்கொண்ட பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் என்று திணிக்காதீர்கள்.

முதுகைத் தட்டி ஏப்பம் விட வைப்பதைப் பற்றி ஒரு சுவையான செய்தி. சண்டிகரில் 71 தாய், சேய்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. ஏப்பத்துக்காகத் தட்டப்பட்ட பிள்ளைகள், தட்டப்படாதவர்களைவிட அதிகமாகக் கக்கினார்கள்! சிறிய ஆய்வுதான். அதற்காகத் தட்டவே கூடாது என்று இல்லை. பிள்ளைக்கு இதமாக இருந்தால் மெல்லத் தட்டுங்கள். ஏப்பம் வரும்வரை விடமாட்டேன் என்று நள்ளிரவில் மல்லுக்கட்ட வேண்டாம், அவ்வளவுதான்.

கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு எதுவும் சுருக்குத் தசையை இறுக்காது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தேன் ஒரு வயது வரை ஆகவே ஆகாது; அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் நஞ்சு கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். குளிப்பாட்டும்போது தொண்டைக்குள் விரலை விட்டுச் சளி எடுப்பது, மூக்கில் ஊதுவது, தொக்கம் எடுப்பது இவற்றைத் தயவுசெய்து நிறுத்துங்கள். விரல் விட்டால் பிள்ளை ஓங்கரிக்கும், அதில் வருகிற பால்தான் 'சளி' என்று காட்டப்படுகிறது. தொண்டையில் காயமும் கிருமித் தொற்றும் மிச்சம்.

அம்மா பத்தியம் இருப்பதால் எதுக்களிப்பு நிற்காது. விதிவிலக்கு ஒன்று உண்டு: பசும்பால் புரத ஒவ்வாமை. பிள்ளையின் மலத்தில் ரத்தம், தோலில் கரப்பான், கூடவே வாந்தி என்று சேர்ந்து வந்தால், மருத்துவரே அம்மாவைச் சில வாரம் பால், தயிர், நெய்யை நிறுத்தச் சொல்லக்கூடும். தானாக எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டு பால் கொடுக்கிற பெண் இளைத்துப் போவதில் யாருக்கும் லாபம் இல்லை.

மல்லாக்கப் படுக்க வைத்தால் புரையேறாதா?

கக்குகிற பிள்ளை என்றால் குப்புறவோ ஒருக்களித்தோதான் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பயம் நியாயமானது, ஆனால் உடலின் அமைப்பு வேறு மாதிரி இருக்கிறது. பிள்ளை மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். மேலே வந்த பால் தாழ்வான உணவுக்குழாயிலேயே தேங்கும். மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேடேற வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகி, மூச்சுக்குழாய் தாழ்ந்துவிடுகிறது. இதுபோகத் தொண்டையில் எது பட்டாலும் விழுங்கவோ இருமவோ வைக்கும் அனிச்சைச் செயல் பிள்ளைக்குப் பிறக்கும்போதே இருக்கிறது.

1990-களில் பல நாடுகளில் பிள்ளைகளை மல்லாக்கத் தூங்க வைக்கச் சொல்லிப் பெரிய பிரசாரம் நடந்தது. அமெரிக்காவில் அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் கைக்குழந்தைகள் இறப்பது பாதிக்கு மேல் குறைந்தது. புரையேறி இறப்பது கூடவில்லை. அதனால் எதுக்களிக்கிற பிள்ளைக்கும் மல்லாந்த படுக்கைதான். தலைக்குத் தலையணை வைத்து உயர்த்துவதால் கக்குவது குறையாது. அதோடு, பிள்ளை சறுக்கி கழுத்து மடங்கினால் மூச்சுத் தடைபடலாம். தூளியிலும் உடம்பு மடங்கி வயிறு அழுந்துவதால், பால் குடித்த கையோடு அதில் போட வேண்டாம். இரவில் படுத்தபடி பால் கொடுக்கும் தாய்மார்கள், பிள்ளை குடித்து முடித்ததும் அதை மெல்லத் திருப்பி மல்லாக்கப் போட்டுவிட்டுத் தூங்கலாம். இரண்டு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்துவிட்ட பிள்ளை தூக்கத்தில் குப்புறப் புரண்டால், ஒவ்வொரு தடவையும் எழுந்து திருப்ப வேண்டியதில்லை.